நம்பகமான நபர்

கொஞ்ச நாளாகக் கணவர் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோவது தையலம்மாவுக்குச் சரியாகப் படவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் தட்டில் கை வைத்ததும் ஒரு குறிப்பாவது சொல்லாமல் இருந்ததில்லை. உப்புக் கூடினால், ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல்’. குறைந்தால், ‘போதிய ஒதுக்கீடு இல்லை’. எல்லாம் சரியாக அமைந்துவிட்டால், ‘இம்முறை பெரிய குறைபாடு ஏதுமில்லை’ என்று ஏப்பத்தோடு ஒரு சான்றிதழ். வங்கியின் தணிக்கைப் பிரிவில் தலை நரைத்தவர். கிளை கிளையாகப் போய், தனக்குப் போட்ட நாற்காலியின் காலை முதலில் ஆட்டிப் பார்த்து, அது ஆடினால் அதையும் அறிக்கையில் ஏற்றிவிட்டுத்தான் உட்காருவார். ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரத்தையும், யாரோ எழுதி யாரோ படித்த ஒரு புகழுரையையும் கையில் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அதன்பிறகு அங்கிருந்து நலம் விசாரித்துக்கூட ஓர் அழைப்புக் கிடையாது.

தணிக்கை செய்யக் கிளை இல்லாமல் போகவே வீடே கிளையாயிற்று. சோப்பு ஏன் சீக்கிரம் கரைகிறது, குப்பை வண்டி ஏன் தாமதம், எதிர்வீட்டுப் பூனை எந்த உரிமையில் நம் மதில்மேல் படுத்துக்கொள்கிறது, எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்டார். பூனை மட்டும்தான் பதில் சொல்லவில்லை. தெருவில் அவருக்கு முகத்துக்கு நேரே ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘ஆடிட்டு’.

அந்த ஆடிட்டுத்தான் இப்போது வாயைத் திறப்பதில்லை. காலையில் எழுந்ததும் மழமழவென்று சவரம். மடிப்புக் கலையாத கால்சட்டை. பரணிலிருந்து இறங்கிய ஷூவுக்குப் பாலிஷ். கைப்பேசி சட்டைப் பையைவிட்டு இறங்குவதே இல்லை. அது முனகினால் போதும், மனிதர் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். இந்த வெயிலில்! மேகம் வந்து வந்து கூடிவிட்டு, மனம் மாறியதுபோல் கலைந்து போய்க்கொண்டிருந்த நாட்கள். மழையும் இல்லை, காற்றும் இல்லை. உடம்பில் துணி ஒட்டுகிற புழுக்கத்தில் ஆடிட்டு கூண்டுக்குள் விட்ட புலிபோல வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். பின், அவசர வேலை என்று வெளியே போனார்.

வீட்டின் முன்னறைதான் தையலம்மாவின் பட்டறை. பள்ளிக்கூடம் திறக்கிற காலம். வெட்டிய சட்டைகள் அவள் முழங்காலுக்கு ஒருபக்கம் மலையாகவும், தைத்தவை மறுபக்கம் மலையாகவும் கிடந்தன. சன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள் கூலிக்கு வருகிற காஜாக்காரி. கையைவிட அவளுக்கு வாய் வேகம்.

“அக்கா, நான் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“நீ சொல்றதுக்கு முன்னாடியே கோவம் வருது. சொல்லு.”

“ஆம்பள திடீர்னு ஷூவுக்குப் பாலிஷ் போட்டா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, வேலை கெடைச்சிருக்கணும். இந்த வயசுல சாருக்கு யாரு வேலை குடுக்கப் போறா?”

“ரெண்டாவது?”

“ஐயோ, அது என் வாயால வர வேண்டாம்ப்பா.”

“உன் வாயால வராதது இந்தத் தெருவுல எது பாக்கி?”

காஜாக்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நேத்து சார் பாங்கு வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தார். நான் காய் வாங்கிட்டுத் திரும்பறேன், அப்பவும் அதே இடம், அதே பார்வை. உள்ள கேஷியர் பொம்பளை உக்காந்திருந்தா. புதுசா கோட்டு எல்லாம் போட்டுக்கிட்டு.”

“சீ, வாயைக் கழுவு. அவரு வயசென்ன!”

“வயசு ஷூவுக்குத் தெரியுமா அக்கா?”

தையலம்மா எந்திரத்தை ஓட்டினாள். ஊசி கோட்டைவிட்டு விலகிப் போயிற்று. ஒரு சட்டையின் கையை இன்னொரு கையோடு சேர்த்துத் தைத்திருந்தாள். எந்தப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டாலும் கும்பிட்டபடியேதான் பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கும்.

மத்தியானம் துணி எடுக்க மாடிக்கு ஏறினாள். தொட்டிக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. பணிவான குரல். அந்தக் குரலை அவள் இதற்கு முன் கேட்டதே இல்லை.

“ஆமாம் சார். ஒரு கண்ணு வெச்சிருக்கேன் சார். இன்னைக்குக்கூட என்னைப் பாத்துச் சிரிச்சா... இல்ல சார், வீட்டுல மூச்சு விடல. என் வீட்டம்மாவுக்கு ஊசியையும் நூலையும் தாண்டி ஒண்ணும் தெரியாது சார்... நாளைக்கு முடிச்சிடலாம் சார்.”

காய்ந்த துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

“சார்னா பேசறார்?” என்றாள் காஜாக்காரி, கண்கள் விரிய. “அப்ப அது புரோக்கர் அக்கா!”

அதே நாள், வங்கி மூடுகிற நேரம் தாண்டி, அந்தக் கேஷியரே வாசலில் வந்து நின்றாள். நாற்பதைத் தொடுகிற வயசு. நெற்றியெல்லாம் வியர்வை. கையில் சுருட்டிய புதுச் சீருடைக் கோட்டு.

“இடுப்புல லூசா இருக்கும்மா. பிடிச்சுத் தரணும்.”

காஜாக்காரி காஜாவை நிறுத்திவிட்டாள். இந்த மாதிரி நேரத்தில் வேலை செய்கிறவள் மனுஷியே இல்லை.

“போட்டுக்கிட்டு நில்லுங்க,” என்றாள் தையலம்மா. வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். இடுப்பு ஒன்றும் பிரமாதமில்லை என்று அவள் மனசு தன்பாட்டுக்கு ஒரு தீர்ப்பு எழுதிற்று.

“சார் வீட்டுல இல்லையா?”

“ஏன், இருந்தாத்தான் நிப்பீங்களா?”

“இல்லம்மா. இல்லைன்னு பாத்துட்டுத்தான் வந்தேன். சார் உடம்பு எப்படி இருக்கு? ராத்திரி தூங்கறாரா?”

ஊசி ஒன்று கோட்டைத் தாண்டி உள்ளே போயிற்று.

“ஆ! அம்மா, குத்துது!”

“குத்தும். அடுத்த வீட்டு ஆம்பள தூங்கறானா இல்லையான்னு கேட்டா குத்தத்தான் செய்யும்.”

கேஷியர் ஒரு நிமிஷம் விழித்தாள். காஜாக்காரியின் முகத்தில் தெரிந்த பசியைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே போயிற்று.

“கடவுளே. அம்மா, எனக்குக் காலேஜ் போற பையன் இருக்கான். எனக்கு இருக்கிற ஒரு புருஷனைச் சமாளிக்கவே நேரமில்ல. நான் வந்தது வேற. ஆனா அதை நான் சொல்லக் கூடாது. வாடிக்கையாளர் விவரத்தை வெளிய சொன்னா என் வேலை போயிடும்.”

“சொல்லக் கூடாததைச் சொல்லத்தான் கோட்டைத் தூக்கிட்டு வந்தீங்களா?”

“கோட்டு நிஜமாவே லூசு.” கேஷியர் ஸ்டூலில் உட்கார்ந்தாள், ஊசிகள் குத்தவே எழுந்து நின்றாள். “ஒரு பெரியவர் இருக்கார்னு வெச்சுக்குவோம்.”

“எந்தப் பெரியவர்?” என்றாள் காஜாக்காரி.

“யாரோ ஒருத்தர். போன வாரம் ஒரு தொகையை, முன்ன பின்ன தெரியாத ஒரு கணக்குக்கு அனுப்பறார். யாருக்கு சார்னு கேட்டா, ‘அது உனக்குத் தேவையில்லாத விஷயம்’ங்கறார். கேட்டது என் தப்பு மாதிரி என்னையே முறைச்சுப் பாக்கறார். சந்தேகம் வந்தா குடும்பத்துல ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேக்க எங்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. வயசானவங்க எல்லார்கிட்டயும், ‘உங்களுக்கு நம்பகமான நபர் யாரு’ன்னு பேரும் போன் நம்பரும் எழுதி வாங்கியிருக்கோம். அந்தப் பெரியவர் யார் பேரை எழுதியிருக்கார் தெரியுமா?”

“யாரு?”

“தன் பேரையே எழுதியிருக்கார். நம்பரும் அவர் நம்பர்தான்.”

தையலம்மா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். அந்தப் பெரியவர் யார் என்பதில் அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

“எழுதினபடி நாங்க கூப்பிட்டோம். எடுத்தார். குரலைக் கொஞ்சம் மாத்திக்கிட்டு, ‘சம்பந்தப்பட்டவரைப் பற்றி நான் நன்கு அறிவேன், அவருடைய நிதானத்தில் ஐயம் எதுவும் இல்லை’ன்னு சொல்லி வெச்சுட்டார். விதிப்படி அது போதும். மேனேஜர் குறிச்சுக்கிட்டார்.”

காஜாக்காரி முதலில் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“அது அவர் சொந்தக் கணக்கு. அதைப் பத்தி உங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லல,” என்றாள் கேஷியர், சொல்லி முடித்துவிட்டு. “ஆனா டெபாசிட் உங்க ரெண்டு பேர் பேருலயும் இருக்கு. அதைப் பத்தி உங்ககிட்ட பேசினா யாரும் என்னை ஒண்ணும் கேக்க முடியாது. அதை மொத்தமா உடைச்சு, அதே கணக்குக்கு அனுப்பச் சொல்லி விண்ணப்பம் வந்திருக்கு.”

அந்த டெபாசிட்டில்தான் அவருடைய ஓய்வுத்தொகை முழுவதும் இருந்தது. தையலம்மா கண் மங்க மங்கச் சட்டை சட்டையாகத் தைத்துச் சேர்த்ததும் அதில்தான் இருந்தது. மாதா மாதம் அதன் வட்டி வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அதைத் தவிர இருந்தது இந்த எந்திரமும், சுவரில் தொங்கிய கடிகாரமும்தான்.

“என் கையெழுத்து வேணுமே?”

“இருக்கும்மா.”

“நான் எதுலயும் போடலியே...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். வருஷா வருஷம் புது நாட்காட்டி மாட்டுகிற அன்று, ‘அவசர ஆத்திரத்துக்கு உதவும்’ என்று கொஞ்சம் வெற்றுத் தாள்களை நீட்டுவார். அவளும் ஒரு கையால் குழம்பைக் கிளறியபடி மறுகையால் கையெழுத்துப் போட்டுத் தருவாள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருந்த குற்றத்துக்காக ஒரு மேனேஜரின் சம்பள உயர்வையே நிறுத்திய மனிதர் அவர். அந்தக் கதையைக் கேட்காத விருந்தாளி இல்லை.

“நாளைக்குக் காலை வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கேன். அதுக்கு மேல எனக்கு அதிகாரமில்ல. மேனேஜர், ‘அனுப்பித் தொலை, அந்த ஆள் ரிப்போர்ட் எழுதிடுவார்’னு பயப்படறார். நீங்க வாங்க. உங்க வாயால வேண்டாம்னு சொல்லுங்க.” கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் திரும்பினாள். “நான் இங்க வந்தது கோட்டுக்குத்தான்.”

அன்று பொழுது சாய்ந்ததும், சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள் தையலம்மா. வேண்டுமென்றே குழம்பில் உப்பே போடவில்லை. அவர் சாப்பிட்டார். சன்னலுக்கு வெளியே இடி மட்டும் எங்கோ தூரத்தில் இருமியது.

“என்னங்க. டெபாசிட்டை உடைக்கிறீங்களாமே.”

கை தட்டிலேயே நின்றது. “யார் சொன்னா?”

“யாரோ. எதுக்கு?”

“அந்தக் கேஷியர்தானே? இங்கயே வந்துட்டாளா?” கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகமோ லாட்டரி விழுந்தவன் முகம்போல் மலர்ந்தது. எழுந்து கதவைச் சாத்தினார். சன்னலைச் சாத்தினார். இருந்த கொஞ்சம் காற்றும் போயிற்று. “சொன்னாங்க. அப்படியே சொன்னாங்க! ‘சார், அவ கடைசியில உங்க குடும்பத்தைக் கலைக்கப் பாப்பா’ன்னு. பாத்தியா, என்ன துல்லியம்!”

“யாருங்க சொன்னாங்க?”

“தலைமை அலுவலகம். ரகசியக் கண்காணிப்புப் பிரிவு.” நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உன்கிட்டயே சொல்லக் கூடாது. அந்தக் கிளைக்குள்ள ஒரு கும்பல் இருக்கு. வயசானவங்க பணத்தை உறிஞ்சுது. தலைவி அவதான். கையும் களவுமாப் பிடிக்கணும். அதுக்கு ஒரு பெரிய தொகை அவ கை வழியா நகரணும். நம்ம டெபாசிட்டை ஒரு பாதுகாப்பான கணக்குக்கு அனுப்பறோம். அவ அதுல கை வெப்பா. டப்! பிடிச்சிடுவாங்க. மறுநாளே பணம் நம்ம கணக்குக்கு வந்துடும்.”

“பொறிக்குள்ள வெக்க நம்ம பணமா? அவங்க பாங்குதானே, அவங்ககிட்டப் பணம் இல்லையா?”

“உனக்கு நடைமுறை தெரியாது.”

“போன வாரம் போச்சே, அது வந்துடுச்சா?”

“அது ஒத்திகை. ஒத்திகைப் பணம் ஆபரேஷன் முடிஞ்சப்புறம்தான் வரும்.”

“பேசறவரை நேர்ல பாத்திருக்கீங்களா?”

“ரகசியப் பிரிவு ஆளை நேர்ல பாத்துட்டா அப்புறம் என்னடி ரகசியம்?”

வேறு பெண் எவளும் இல்லை என்பதில் அவளுக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நொடி, பெண்ணாக இருந்திருந்தால் இவ்வளவு செலவாகியிருக்காதே என்று தோன்றிற்று.

“ஏமாத்தறாங்கங்க. யாரோ வழிப்போக்கன்.”

“என்னையா?” என்றார். அந்த ஒரு சொல்லில் நாற்காலிக் கால்கள் அத்தனையும் ஆடின. “மோசடியைக் கண்டுபிடிச்சே வாழ்ந்தவன்டி நான். ஏமாத்தறவனுக்கு என் பழைய அறிக்கையைப் பத்தியெல்லாம் எப்படித் தெரியும்? ‘படிச்சிருக்கோம் சார், உங்களை மாதிரி ஒருத்தர் இப்ப பாங்குல இல்ல சார்’னு சொன்னாங்க.”

“பழைய அறிக்கையைப் பத்தி இந்தத் தெருவுல நீங்க சொல்லாத ஆள் யாரு? இஸ்திரிக்காரருக்கே மனப்பாடம்.”

அவர் காதில் விழவில்லை. “‘நீங்க இல்லாம இந்த வேலையை முடிக்க முடியாது சார்’னு சொன்னாங்க,” என்றார் மறுபடி. குரல் கொஞ்சம் இடறிற்று. இடறலை மறைக்கத் தண்ணீர் குடித்தார்.

தையலம்மா பேச்சை விட்டுவிட்டாள். ஷூவை ஒளித்து வைக்கலாமா என்று நினைத்தாள். வெறுங்காலோடு போவார். கைப்பேசியைத் தண்ணீர்த் தொட்டியில் போடலாமா? ஆதாரத்தை அழிக்க அந்தக் கும்பல் பெண்டாட்டியையும் சேர்த்துக்கொண்டுவிட்டது என்பார். உண்மையைச் சொல்லச் சொல்ல அந்தப் பொய்தான் கொழுத்தது. படுக்கையில் இரண்டு பேரும் புரண்டார்கள். ஒருவர் சந்தோஷத்தில், ஒருவர் பயத்தில். மின்விசிறி மட்டும் யார் பக்கமும் சேராமல் சுற்றிற்று.

காலையில் அவர் கிளம்பும்போது அவளும் கிளம்பினாள்.

“நீ எதுக்கு?”

“கோட்டு தைச்சாச்சு. குடுக்கணும்.”

அவர் யோசித்தார். “நல்லது. இயல்பா இருக்கும்,” என்றார், துப்பறியும் இலாகாவின் தோரணையில்.

வங்கி வாசலில் மூத்தோர் பாதுகாப்பு வாரம் என்று பெரிய துணியில் அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். படத்தில் ஒரு கிழத் தம்பதி, எந்தக் கிழவருக்கும் வாய்க்காத பல் வரிசையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். துணியின் ஒரு மூலை அவிழ்ந்து தொங்கியது. அதைக் கட்டச் சொல்லி ஆளை விரட்டிக்கொண்டிருந்த மேனேஜர், ஆடிட்டைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“வாங்க சார், வாங்க! உங்க விண்ணப்பம் ரெடி சார். எங்க கேஷியரம்மாதான் தேவையில்லாம... நான் சொன்னேன் சார். வாடிக்கையாளர்னா அவர் விருப்பம், அவர் கண்ணியம், அவர் தன்னுரிமை. அதுல தலையிட நாம யாரு? இந்த வாரத்தோட கருப்பொருளே அதுதான் சார்.”

“பணம் போனா அதுவும் கருப்பொருளா?” என்றாள் தையலம்மா.

மேனேஜர் அவளை அப்போதுதான் பார்த்தார். துணி கட்டுகிறவனை மேற்பார்வையிட அவசரமாக வெளியே போய்விட்டார்.

கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் விசிறிக்கு அடியில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி. உட்கார்ந்ததும் தையலம்மா கவனித்தாள்: கணவரின் சட்டைப் பைக்குள் கைப்பேசியின் வெளிச்சம் தெரிந்தது. யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேஷியர் விண்ணப்பத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். “அம்மா, இது கூட்டு டெபாசிட். அதனால உங்ககிட்டத் தனியா கேக்கணும். இந்தக் கையெழுத்து உங்களுதா?”

“ஆமான்னு சொல்லு,” என்றார் அவர், உதடு அசையாமல். “சொல்லிட்டு அவ முகத்தைப் பாரு.”

இல்லை என்று சொன்னால் பணம் நிற்கும். கட்டிய புருஷன் கள்ளக் கையெழுத்துப் போட்டவன் ஆவான். ஆமாம் என்றால் அவர் மானம் நிற்கும். நாளை அடுப்புக்கு வழியிருக்காது. தையலம்மா தாளைப் பார்த்தாள். கோணலாக, ஒரு பக்கம் இறங்கிப்போன தன் கையெழுத்து. கிளறிக்கொண்டே போட்டதுதான். அதற்கு மேலே கணவரின் மணிமணியான எழுத்து.

“கையெழுத்து நான் போட்டதுதான்,” என்றாள்.

அவர் மூச்சு விட்டார்.

“வெத்துத் தாள்ல போட்டுக் குடுத்தேன். மேல எழுதியிருக்கறதைக் கேட்டுப் போடல. அது என் தப்பு. இப்பக் கேக்கறீங்க, இப்பச் சொல்றேன். எனக்குச் சம்மதமில்ல. டெபாசிட்டை உடைக்கக் கூடாது.”

“இந்தா!” எழுந்துவிட்டார். “என்ன பேசறேன்னு தெரியுதா? எல்லாம் பாழாப் போகுது!”

கூடம் திரும்பிப் பார்த்தது. சட்டைப் பைக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று, “சார், பதட்டப்படாதீங்க சார். அந்தம்மாவை வெளிய அனுப்புங்க சார்,” என்றது.

தையலம்மா எழுந்தாள். அளவெடுக்கிறவள்போல அவர் மார்புக்கு நேராகக் குனிந்து, பைக்குள் பேசினாள்.

“தம்பி, நான் அந்தம்மாதான் பேசறேன். பெரிய ஆபீசர்ங்கறீங்க. பாங்குக்குள்ளதான் இருக்கோம். கேஷியர் எதிர்லயே இருக்காங்க. மேனேஜர் வாசல்ல துணி கட்டறார். நேர்ல வாங்க. வந்து பிடிச்சுக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் நான் இவங்க கையைப் பிடிச்சு வெச்சிருக்கேன்.” கண்ணாடிக்கு அடியில் கையை விட்டு, உண்மையாகவே கேஷியரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பையில் வெளிச்சம் அணைந்தது.

“சார்?” என்றார் அவர். கைப்பேசியை வெளியே எடுத்தார். “சார், லைன்ல இருக்கீங்களா?” அழைத்தார். போகவில்லை. மறுபடி அழைத்தார். “நெட்வொர்க்,” என்றார் பொதுவாக. இன்னொரு முறை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மிக மரியாதையாகச் சொல்லிற்று. அவர் அதற்கும் ‘சரிங்க’ என்றார்.

பிறகு உட்கார்ந்தார். தையலம்மா கேஷியரின் கையை விட்டாள்.

“சார்,” என்றாள் கேஷியர், தாழ்ந்த குரலில். “முன்னாடி அனுப்பினது இன்னும் அந்தக் கணக்குலயே இருக்கலாம். எடுக்கறதுக்குள்ள முடக்கச் சொல்லலாம். ஆனா அது உங்க கணக்கு. நீங்கதான் சொல்லணும். மோசடிப் புகார்ப் பிரிவுக்கு லைன் போட்டுத் தரவா?”

அவர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போட்டே விட்டாள். கவுண்டர் தொலைபேசியைக் கண்ணாடிக்கு அடியில் நகர்த்தினாள். வயர் எட்டவில்லை, அவர் கவுண்டர்மேல் குனிந்துதான் பேச வேண்டியிருந்தது.

“குறிப்பிட்ட பரிவர்த்தனையானது,” என்று தொடங்கினார், “மேற்படி நபர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, தீய உள்நோக்கம் ஏதுமின்றி, பரிசோதனை அடிப்படையில்...”

மறுமுனையில் யாரோ ஏதோ கேட்டார்கள்.

“இல்லை. அதாவது, நடைமுறைப்படி பார்த்தால்...”

மறுபடி கேட்டார்கள். கேஷியர் சுவரில் நேரத்தைப் பார்த்தாள். வாசலில் மேனேஜர் புகைப்படம் எடுக்க வந்தவனிடம் எங்கே நின்றால் துணி முழுவதும் படத்தில் விழும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தணிக்கையாளர் தொலைபேசியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பின் அவர் வாயிலிருந்து காற்றுபோல ஒன்று வந்தது.

“ஏமாந்துட்டேம்மா.”

அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகவே கேட்டது: “கேக்கல சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

விசிறிக்கு அடியில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. தையலம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். அவருக்கும் கூடத்துக்கும் நடுவே போய், முந்தானையை அகல விரித்து உதறித் தோளில் போட்டுக்கொள்கிறவள்போல் நின்று, திரும்பிய முகங்களை ஒவ்வொன்றாக முறைத்தாள். அவை ஒவ்வொன்றாகத் தரையைப் பார்த்தன.

அவள் முதுகுக்குப் பின்னால் அவர் சத்தமாகச் சொன்னார்.